தொடருந்து - தடவழிப் பேருந்து தடப் பகிர்வு

தொடருந்து - தடவழிப் பேருந்து தடப் பகிர்வு என்பது, நகர்ப்புற இருப்புப்பாதை ஒன்றின் ஒரே தடத்தை உருக்குச் சக்கரங்களில் ஓடும் வண்டிகளும் டயர்களில் ஓடும் வழிப்படுத்தப்பட்ட பேருந்துகளும் மாறி மாறிப் பயன்படுத்தும் போக்குவரத்து முறை ஆகும். இம்முறையில் தண்டவாளங்களுக்கு இருபுறமும் பேருந்தின் டயர்களுக்கான ஓடுதளமும், பேருந்தைத் தடத்திலிருந்து விலகாமல் வைத்திருக்கும் வழிகாட்டு விளிம்புகளும் அமைக்கப்படுகின்றன. ஜெர்மனியின் எசன் நகரில் 1980களிலும், மன்ஹைம் நகரில் 1992 முதல் 2005 வரையிலும் இம்முறை பயணிகள் சேவையில் இருந்தது. வழிகாட்டு விளிம்பு இல்லாமல், ஓட்டுநரே திருப்பிச் செலுத்தும் பேருந்துகள் தொடருந்துகளுடன் தடத்தைப் பகிர்ந்த இடங்களும் உள்ளன. அமெரிக்காவின் சியாட்டில், பிட்ஸ்பர்க் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

தடப் பகிர்வு பொறியியல் அடிப்படையில் இயலக்கூடியதே என்பதை இந்நகரங்களின் பட்டறிவு காட்டுகிறது. எனினும் தடவழிப் பேருந்துகளைக் கொண்ட பகிர்வு எங்கும் நீடித்துப் பரவவில்லை. அதற்கான காரணங்களை அறிய, தடத்தின் அமைப்பை மட்டுமன்றிச் சமிக்ஞை, மின்வழங்கல், பயணச்சீட்டு முறை, வண்டிகளின் ஆயுட்காலம் ஆகியவற்றையும் சேர்த்து நோக்க வேண்டியுள்ளது.

வரையறை

இக்கட்டுரையில் தடவழிப் பேருந்து என்பது, சாலையில் சாதாரணப் பேருந்தாகவும், அதற்கென அமைக்கப்பட்ட தடத்தில் திசைமாற்றியை ஓட்டுநர் இயக்காமலும் செல்லக்கூடிய பேருந்தைக் குறிக்கிறது. தொடருந்து என்னும் சொல் இங்கு பெரும்பாலும் டிராம் எனப்படும் அமிழ் தண்டூர்தியையும், அதன் வளர்ச்சியான இலகு தொடருந்தையும் குறிக்கிறது. நெடுந்தொலைவுப் பயணிகள் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஓடும் கனரக இருப்புப்பாதைகளில் பேருந்துகள் இம்முறையில் பகிர்ந்து ஓடுவதில்லை. இதற்கான காரணங்கள் பாதுகாப்பு என்னும் பகுதியில் தரப்பட்டுள்ளன.

தடப் பகிர்வைத் தட மாற்றத்திலிருந்து வேறுபடுத்திக் காண்பது அவசியமாகும். கைவிடப்பட்ட இருப்புப்பாதையின் தண்டவாளங்களை அகற்றிவிட்டு, அதே நிலத்தில் பேருந்துத் தடம் அமைப்பது தட மாற்றம் ஆகும். தண்டவாளங்கள் பயன்பாட்டில் இருக்கும்போதே பேருந்துகளையும் அதே தடத்தில் அனுமதிப்பதே தடப் பகிர்வு ஆகும்.

நோக்கம்

நகரின் மையப்பகுதியில் நிலம் குறைவு. அங்கு டிராமுக்கு ஒரு தடமும் பேருந்துக்கு மற்றொரு தடமும் ஒதுக்குவது பல இடங்களில் இயலாது. சுரங்கமோ பாலமோ ஆனால் இரண்டாவது தடத்தின் செலவு மிக அதிகமாகும். மறுபுறம், நகரின் வெளிப்பகுதிகளில் பயணிகள் பல திசைகளில் சிதறி வாழ்வதால் ஒவ்வொரு புறநகருக்கும் தண்டவாளம் அமைப்பது கட்டுப்படியாகாது. ஆகவே வெளிப்பகுதிகளில் சாலைகளில் ஓடும் பேருந்து, நெரிசல் மிக்க மையப்பகுதிக்குள் நுழையும்போது தொடருந்தின் தடத்தில் ஏறிக்கொள்ள வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படைக் கருத்து ஆகும்.

இதனால் பயணி வண்டி மாற வேண்டிய தேவை நீங்குகிறது. பேருந்து சாலை நெரிசலிலிருந்து விடுபடுகிறது. பெரும் செலவில் அமைக்கப்பட்ட சுரங்கம், தொடருந்துகள் குறைவாக ஓடும் தொடக்க ஆண்டுகளிலும் முழுமையாகப் பயன்படுகிறது. பயணிகள் எண்ணிக்கை உயரும்போது பேருந்துகளை விலக்கிவிட்டுத் தொடருந்துகளை மட்டும் இயக்கலாம் என்பதும் இம்முறையை ஆதரித்தோரின் எதிர்பார்ப்பாக இருந்தது.

தொழில்நுட்ப அமைப்பு

வழிப்படுத்தும் முறை

டைம்லர்-பென்ஸ் நிறுவனம் உருவாக்கிய விளிம்பு வழிகாட்டு முறையே மிகுதியாகப் பயன்படுத்தப்பட்ட முறையாகும். இதில் பேருந்தின் முன்சக்கரங்களுக்கு அருகே, பக்கவாட்டில் கிடைமட்டமாகச் சுழலும் சிறிய உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இவ்வுருளையைத் தாங்கும் கை, முன்சக்கரத்தின் திருப்பு அமைப்புடன் உறுதியாக இணைக்கப்பட்டுள்ளது. தடத்தின் இருபுறமும் உள்ள செங்குத்தான விளிம்புகளை உருளைகள் தொட்டுச் செல்கின்றன. தடம் வளையும்போது விளிம்பு உருளையைத் தள்ளுகிறது; உருளை சக்கரத்தைத் திருப்புகிறது. ஓட்டுநர் வேகத்தையும் பிரேக்கையும் மட்டும் கவனித்தால் போதுமானது.

சுமார் 2.5 மீட்டர் அகலமுள்ள பேருந்துக்கு, விளிம்புகளுக்கு இடையே 2.6 மீட்டர் இடைவெளி விடப்படுகிறது. விளிம்பின் உயரம் ஏறத்தாழ 18 செ.மீ. ஆகும். ஓட்டுநர் கையால் திருப்பும் பேருந்துத் தடத்திற்கு, அவரது சிறு விலகல்களுக்கும் இடம் விட்டு, சுமார் 3.5 மீட்டர் அகலம் தேவைப்படும். இந்த அகலச் சேமிப்பே குறுகிய சுரங்கங்களிலும் பாலங்களிலும் வழிப்படுத்தலுக்கு மதிப்பைத் தருகிறது.

தண்டவாளமும் ஓடுதளமும்

இரு வகை வண்டிகளும் ஒரே தடத்தில் ஓடுவதற்கு அவற்றின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இடையூறாக அமையக்கூடாது. இங்கு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் முதன்மை பெறுகிறது. பேருந்தின் பின்னச்சில் இரட்டை டயர்கள் உள்ளன. இடப்புற, வலப்புற இரட்டை டயர்களின் உள்விளிம்புகளுக்கு இடையே ஏறத்தாழ 1.3 மீட்டர் இடைவெளி உண்டு. 1,000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே டயர்களுக்கு வெளிப்புறத்தில் தனி ஓடுபட்டைகளை அமைக்கலாம். 1,435 மி.மீ. அகலமுள்ள சீர்தரப் பாதையிலோ பின்புற உள் டயர் தண்டவாளத்தின் மீதே ஏறி ஓட நேரிடும். அத்தகைய இடங்களில் தண்டவாளத்தின் தலைப்பகுதி தரைமட்டத்துடன் சமமாக இருக்குமாறு, தண்டவாளம் கற்காரையில் பதிக்கப்பட வேண்டும்.

சல்லிக்கற்களின் மீது அமைந்த சாதாரண இருப்புப்பாதை பேருந்துக்கு உதவாது. எனவே முழுத்தடத்தையும் கற்காரையால் மூடுவது அல்லது குறுக்குக்கட்டைகளின் மீது இரு ஓடுபட்டைகளை நீளவாக்கில் பொருத்துவது என இரு வழிகள் கையாளப்படுகின்றன. பேருந்தின் பின்னச்சு 10 டன்னுக்கும் மேற்பட்ட சுமையை ஏற்றக்கூடும் என்பதாலும், வழிப்படுத்தப்பட்ட பேருந்தின் டயர்கள் எப்போதும் ஒரே கோட்டில் ஓடுவதாலும் ஓடுபட்டை விரைவில் தேய்கிறது. சாலையில் இத்தேய்மானம் அகலமான பரப்பில் பரவிவிடும். தடத்தில் அவ்வாறு பரவுவதில்லை.

தண்டவாளங்கள் பிரியும் கிளையிடங்களில் வழிகாட்டு விளிம்பைத் தொடர்ச்சியாக அமைக்க இயலாது. ஏனெனில் பிரிந்து செல்லும் டிராமின் பாதையை அவ்விளிம்பு மறிக்கும். ஆகவே அவ்விடங்களில் விளிம்பு சில மீட்டர்களுக்கு நிறுத்தப்படுகிறது. அங்கு ஓட்டுநரே திசைமாற்றியைப் பிடித்துச் செலுத்துகிறார். மீண்டும் விளிம்பு தொடங்கும் இடம் புனல்போல் அகன்று குறுகும் வகையில் அமைக்கப்படுகிறது.

மின்வழங்கல்

டிராம் தனக்கு வேண்டிய மின்சாரத்தை மேலே உள்ள ஒற்றைக் கம்பியிலிருந்து பெற்று, சக்கரங்களின் வழியாகத் தண்டவாளத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. டயர்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதால் மின்பேருந்துக்கு இந்த வழி இல்லை. அதற்கு ஒரு நேர்மின் கம்பியும் ஓர் எதிர்மின் கம்பியும் என இரண்டு கம்பிகளும், அவற்றைத் தொடும் இரண்டு தண்டுகளும் தேவை. எனவே பகிரப்பட்ட தடத்தின் மேல் மூன்று கம்பிகள் வரை அமைக்க நேரிடும். டிராமின் மின்னேற்பி பேருந்தின் கம்பிகளைத் தொடாதவாறு அவற்றை விலக்கி வைப்பது, குறிப்பாகக் கூரை தாழ்ந்த சுரங்கத்தில், கடினமான பணியாகும்.

டீசல் பேருந்துகளைச் சுரங்கத்தில் இயக்கினால் புகையை வெளியேற்றப் பெரிய காற்றோட்டக் கருவிகள் தேவைப்படும். இதனைத் தவிர்க்கவே, சாலையில் டீசலிலும் சுரங்கத்தில் மின்கம்பியிலும் ஓடும் இரட்டை ஆற்றல் பேருந்துகள் உருவாக்கப்பட்டன. இரு இயக்க அமைப்புகளையும் ஒரே வண்டியில் சுமந்ததால் இவை எடை மிகுந்தவையாகவும் விலை உயர்ந்தவையாகவும் இருந்தன. இப்போது மின்கலப் பேருந்துகள் பரவி வருவதால் இந்த இடர்ப்பாடு பெருமளவு குறைந்துள்ளது.

நடைமேடை

நடைமேடையின் உயரம் இரு வண்டிகளின் தளத்திற்கும் பொருந்த வேண்டும். தாழ்தள டிராமின் தளமும் தாழ்தளப் பேருந்தின் தளமும் தரையிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 35 செ.மீ. உயரத்தில் இருப்பதால் இவை ஒரே நடைமேடையைப் பயன்படுத்தலாம். உயர்தள வண்டிகளுக்கான நடைமேடைகள் 90 செ.மீ. அளவுக்கு உயர்ந்தவை என்பதால், பேருந்துக்கென நடைமேடையின் ஒரு பகுதியைத் தாழ்த்த வேண்டும். நடைமேடை இரு தடங்களுக்கும் நடுவே இருந்தால் மற்றொரு சிக்கல் எழுகிறது. பேருந்தின் கதவுகள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால், மறுபக்கத்திலும் கதவு வைக்க வேண்டும் அல்லது பேருந்துகள் தடம் மாறி ஓட வேண்டும்.

பாதுகாப்பு

நிறுத்தத் தொலைவு

உருக்குச் சக்கரத்திற்கும் உருக்குத் தண்டவாளத்திற்கும் இடையே உராய்வு குறைவு. தொடருந்து குறைந்த ஆற்றலில் பெருஞ்சுமையை இழுக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே பண்பு நிறுத்தத் தொலைவை நீட்டிக்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் இயங்கத் தொடங்கிய பின் நிற்பதற்குத் தேவைப்படும் தொலைவு பின்வருமாறு கணக்கிடப்படலாம்:

- பேருந்து, அவசர பிரேக் (வேகத்தளர்வு 5 மீ/வி²): சுமார் 19 மீட்டர்
- டிராம், தண்டவாளத்தைப் பற்றும் காந்த பிரேக்குடன் (2.7 மீ/வி²): சுமார் 36 மீட்டர்
- டிராம், வழக்கமான பிரேக் (1.2 மீ/வி²): சுமார் 80 மீட்டர்
- பயணிகள் தொடருந்து (0.9 மீ/வி²): சுமார் 107 மீட்டர்

டிராமின் பின்னால் பேருந்து செல்வதில் இடர் குறைவு. முன்செல்லும் டிராம் நின்றால் பேருந்து அதற்கு முன்பே நின்றுவிடும். பேருந்தின் பின்னால் டிராம் செல்வதே இடர் மிக்க வரிசை ஆகும். திடீரென நின்ற பேருந்துக்குப் பின்னால் வரும் டிராம் அதே தொலைவில் நிற்க இயலாது. தடத்தை விட்டு விலகிச் செல்லவும் அதற்கு வழியில்லை. எனவே இரு வண்டிகளுக்கும் இடையிலான இடைவெளி, நன்கு நிற்கக்கூடிய வண்டியைக் கொண்டு அல்லாமல், மெதுவாக நிற்கும் வண்டியைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. பேருந்தின் சிறந்த பிரேக் திறனால் தடத்திற்குப் பயன் கிடைப்பதில்லை.

இருப்பறிதலும் சமிக்ஞையும்

தரைமட்டத் தடங்களில் டிராம் ஓட்டுநர் சாலை வண்டி ஓட்டுநரைப் போலவே, முன்னுள்ள தடத்தைக் கண்ணால் பார்த்து அதற்கேற்ற வேகத்தில் செல்கிறார். இம்முறையில் பேருந்தைச் சேர்ப்பது எளிது. சுரங்கத்தில் பார்வைத் தொலைவு குறைவு என்பதால் சமிக்ஞை தேவைப்படுகிறது. அதற்குத் தடத்தின் எப்பகுதியில் வண்டி உள்ளது என்பதைக் கருவிகள் அறிய வேண்டும்.

தொடருந்துகளைக் கண்டறியும் வழக்கமான கருவி தண்டவாள மின்சுற்று ஆகும். இரு தண்டவாளங்களுக்கும் சிறிய மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. வண்டி வரும்போது அதன் உருக்குச் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால், அப்பகுதியில் வண்டி உள்ளது எனக் கருவி அறிகிறது. டயர்களில் நிற்கும் பேருந்து இவ்விணைப்பை ஏற்படுத்துவதில்லை. உருக்குச் சக்கரங்களைக் காந்தப்புல மாற்றத்தால் எண்ணும் அச்செண்ணிகளும் டயர்களை எண்ணுவதில்லை. அதாவது, வழக்கமான தொடருந்துச் சமிக்ஞை அமைப்பின் பார்வையில், பேருந்து நிற்கும் தடம் காலியான தடமே ஆகும்.

எனவே பேருந்தில் அடையாளம் அனுப்பும் கருவியும், தடத்தில் அதை ஏற்கும் மின்சுருள்களும் பொருத்தப்பட வேண்டும். இங்கும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. தண்டவாள மின்சுற்று பழுதடைந்தால் அது பெரும்பாலும் தடத்தில் வண்டி இருப்பதாகவே காட்டும். ஆகவே பழுதின்போதும் பாதுகாப்பு காக்கப்படுகிறது. பேருந்தின் அடையாளக் கருவி பழுதடைந்தாலோ பேருந்து இல்லாததாகவே தோன்றும். இக்குறையை நீக்க, ஒரு பகுதிக்குள் நுழைந்த பேருந்து வெளியேறியது உறுதிப்படும் வரை அப்பகுதியைப் பூட்டி வைக்கும் முறை கையாளப்படுகிறது.

மோதல் வலிமை

தொடருந்துப் பெட்டிகள் முன்பின்னாக அழுத்தும் விசையைத் தாங்குமாறு கட்டப்படுகின்றன. ஐரோப்பியத் தரநிலையின்படி, கனரகப் பயணிகள் பெட்டிகளின் சில வகைகள் 1,500 கிலோநியூட்டன் விசையையும், டிராம்கள் 200 கிலோநியூட்டன் விசையையும் தாங்க வேண்டும். பேருந்து இத்தகைய விசைக்கென வடிவமைக்கப்படுவதில்லை. டிராமுடன் மோதும் பேருந்தைக் குறைந்த வேகத்தாலும் சமிக்ஞையாலும் ஓரளவு காக்கலாம். கனரக வண்டியுடன் மோதினால் காக்க இயலாது. கனரக இருப்புப்பாதைகளில் தடவழிப் பேருந்துகள் அனுமதிக்கப்படாததற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

தடக் கொள்ளளவு

தடப் பகிர்வில் கொள்ளளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓடும் வேகம் அன்று. நடைமேடையில் நிற்கும் நேரமே ஆகும். இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு நிலையத்தில் 90 நொடிகளுக்கு ஒரு வண்டி வரலாம் எனக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 40 முறை வண்டிகள் வரலாம். ஒவ்வொரு முறையும் 400 பேர் செல்லக்கூடிய தொடருந்து வந்தால் மணிக்கு 16,000 பேர் செல்லலாம். அவற்றுள் 10 முறை தொடருந்தும் 30 முறை 100 பேர் செல்லக்கூடிய பேருந்தும் வந்தால், 4,000 மற்றும் 3,000 எனச் சேர்த்து 7,000 பேர் மட்டுமே செல்லலாம்.

இவ்விழப்பைக் குறைக்க, இரண்டு அல்லது மூன்று பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அணியாக்கி ஒரே முறையில் நடைமேடைக்கு அனுப்பலாம். மேற்கண்ட கணக்கில் ஒவ்வொரு முறையும் இரு பேருந்துகள் வந்தால் மொத்தம் 10,000 பேர் வரை செல்லலாம். அப்போதும் தொடருந்துகள் மட்டும் ஓடும் தடத்தின் அளவை எட்டுவதில்லை. ஆனால் அத்தடத்திற்கு மணிக்கு 6,000 பயணிகள் மட்டுமே வருகின்றனர் எனில், பகிர்வால் இழப்பு எதுவும் இல்லை. ஆகவே தடப் பகிர்வு, பயணிகள் எண்ணிக்கை நடுத்தரமாக இருக்கும் காலத்துக்குப் பொருந்துவது. அவ்வெண்ணிக்கை உயர உயர அதன் பொருத்தம் குறைகிறது.

நேரந்தவறாமை மற்றொரு காரணியாகும். சாலையில் தாமதமான பேருந்து அத்தாமதத்தைத் தடத்திற்குள்ளும் கொண்டுவருகிறது. பேருந்தினுள் ஓட்டுநரிடம் கட்டணம் செலுத்தும் முறை இருந்தால், ஒரு பயணியின் தாமதம் பின்னால் காத்திருக்கும் தொடருந்தின் பயணிகள் அனைவரையும் தாக்குகிறது.

எடுத்துக்காட்டுகள்

எசன்

ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் உள்ள எசன் நகரில், நடுவண் அரசின் ஆராய்ச்சி அமைச்சகத்தின் ஆதரவுடன் தடவழிப் பேருந்துச் சோதனை மேற்கொள்ளப்பட்டது. 1980 ஆம் ஆண்டு செப்டம்பரில் புலெரூமர் தெருவில் முதல் தடம் திறக்கப்பட்டது. இது பேருந்துகளுக்கு மட்டுமான தடமாகும். 1983 ஆம் ஆண்டு விட்டன்பெர்க் தெருவில் டிராமும் தடவழிப் பேருந்தும் ஒரே தடத்தில் ஓடத் தொடங்கின. எசன் நகரின் டிராம் வலையமைப்பு மீட்டர் பாதையில் அமைந்திருந்ததால், தண்டவாளங்களுக்கு வெளியே பேருந்துக்கான ஓடுபட்டைகளை அமைக்க முடிந்தது. பின்னர் நகரின் கிழக்கே, நெடுஞ்சாலையின் நடுவே டிராம் ஓடிய தடம் கிரே பகுதியை நோக்கிச் செல்லும் தடவழிப் பேருந்துத் தடமாக மாற்றப்பட்டது.

சோதனையின் இறுதிக்கட்டமே மிகவும் கடினமானதாக இருந்தது. 1988 முதல், நகர மையத்தின் டிராம் சுரங்கத்திற்குள் இரட்டை ஆற்றல் பேருந்துகள் இயக்கப்பட்டன. கிழக்குப் புறநகர்ச் சாலைகளில் டீசலில் ஓடிய பேருந்து, நெடுஞ்சாலை நடுவிலுள்ள தடத்தின் வழியே வந்து, டிராம்களுடன் சுரங்கத்தைப் பகிர்ந்து, மையப்பகுதியின் நிலத்தடி நிலையங்களில் பயணிகளை இறக்கியது. இம்முறையின் கருத்து முழுமையாகச் செயல்வடிவம் பெற்ற இடம் இதுவே எனலாம். ஆயினும் இப்பேருந்துகளில் அடிக்கடி ஏற்பட்ட பழுதுகளும் அவற்றின் பராமரிப்புச் செலவும் சேவையைப் பாதித்தன. 1995 செப்டம்பரில் சுரங்கப் பகிர்வு கைவிடப்பட்டது. நெடுஞ்சாலை நடுவிலிருந்த தடத்தில் டீசல் பேருந்துகள் அதன் பின்னரும் ஓடின.

மன்ஹைம்

மன்ஹைம் நகரின் நோக்கம் மிகவும் எளியது. நெரிசல் மிக்க ஒரு சாலையில் பேருந்துக்கெனத் தனித்தடம் அமைக்க இடம் இல்லை. அருகில் டிராம் தடம் இருந்தது. ஆகவே சில நூறு மீட்டர் தொலைவுக்கு மட்டும் டிராம் தடத்தில் வழிகாட்டு விளிம்புகள் அமைக்கப்பட்டன. 1992 மே முதல் 2005 செப்டம்பர் வரை பேருந்துகள் இத்தடத்தில் நெரிசலைக் கடந்து சென்றன. உருளை பொருத்தப்பட்ட பேருந்துகளுள் பெரும்பாலானவை முதுமையடைந்து சேவையிலிருந்து நீக்கப்பட்டதே இம்முறை முடிவுக்கு வரக் காரணமாகும். புதிய பேருந்துகளில் அவ்வுருளைகள் பொருத்தப்படவில்லை.

சியாட்டில்

அமெரிக்காவின் சியாட்டில் நகர மையத்தின் கீழ் அமைந்த 2.1 கி.மீ. நீளச் சுரங்கம் 1990 செப்டம்பர் 15 அன்று இரட்டை ஆற்றல் பேருந்துகளுக்காகத் திறக்கப்பட்டது. இங்கு வழிகாட்டு விளிம்புகள் இல்லை. ஓட்டுநர்களே பேருந்தைச் செலுத்தினர். பிற்காலத்தில் தொடருந்து வரும் என்னும் எதிர்பார்ப்பில் தொடக்கத்திலேயே தரையில் தண்டவாளங்கள் பதிக்கப்பட்டன. ஆனால் அவை மண்ணுக்குள் மின்கசிவு ஏற்படாதவாறு போதிய அளவு காப்பிடப்படவில்லை. இலகு தொடருந்து இயக்கம் முடிவானபோது இத்தண்டவாளங்களை அகற்றிப் புதியவற்றை அமைக்க வேண்டியிருந்தது. தாழ்தள வண்டிகளுக்கு ஏற்பத் தரைமட்டமும் தாழ்த்தப்பட்டது. இப்பணிகளுக்காக 2005 செப்டம்பர் முதல் 2007 செப்டம்பர் வரை ஈராண்டுகள் சுரங்கம் மூடப்பட்டது. தொடருந்துக்கு 1,500 வோல்ட் மின்கம்பி அமைக்கப்பட்டது. பேருந்துகள் அதற்குள் டீசல்-மின் கலப்பின வகைக்கு மாறியிருந்தன.

2009 சூலை 18 முதல் தொடருந்துகளும் பேருந்துகளும் ஒரே தடத்திலும் ஒரே நிலையங்களிலும் இயங்கின. முன்னுள்ள நடைமேடையிலிருந்து பேருந்துகள் புறப்பட்ட பின்னரே தொடருந்து உள்ளே நுழைய முடிந்தது. நகர மையத்தில் நடைமுறையில் இருந்த கட்டணமில்லாப் பயணம் 2012 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதன்பின் பயணிகள் சுரங்க நிலையங்களிலேயே, பேருந்தில் ஏறும்போது கட்டணம் செலுத்த நேர்ந்ததால் நிற்கும் நேரம் கூடியது. தண்டவாளத்திலோ சமிக்ஞையிலோ எந்த மாற்றமும் செய்யப்படாத நிலையில், பயணச்சீட்டு முறையின் மாற்றமே தடத்தின் இயக்கத்தைப் பாதித்தது. சுரங்கத்தின் வடமுனையில் இருந்த பேருந்து நிலையத்தின் நிலம் மாநாட்டு மைய விரிவாக்கத்திற்கு அளிக்கப்பட்டதையடுத்து, 2019 மார்ச் 23 அன்று பேருந்துகள் சுரங்கத்திலிருந்து வெளியேறின. அதன்பின் இலகு தொடருந்துகள் மட்டும் அதனைப் பயன்படுத்துகின்றன.

பிட்ஸ்பர்க்

பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில், 1904 ஆம் ஆண்டு டிராம்களுக்காகத் திறக்கப்பட்ட வாசிங்டன் மலைச் சுரங்கத்தைப் பேருந்துகளும் பயன்படுத்துகின்றன. நகரின் தென்புறப் பேருந்துத் தடம் 1977 ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, இச்சுரங்கத்தின் வழியே பேருந்துகள் மையப்பகுதியை அடையும் வகையில் அமைக்கப்பட்டது. இங்கு வழிகாட்டு விளிம்போ, மின்கம்பியில் ஓடும் பேருந்தோ, தனிவகை உருளையோ இல்லை. சாதாரணப் பேருந்துகள், சமிக்ஞைக் கட்டுப்பாட்டில், தளமிடப்பட்ட தண்டவாளத்தின் மீது செல்கின்றன. சுரங்கத்திற்குள் நிலையம் இல்லாததால் நிற்கும் நேரச் சிக்கலும் இல்லை.

தொடர்புடைய பிற முறைகள்

தடப் பகிர்வு இல்லாத தடவழிப் பேருந்து அமைப்புகள் சில நீடித்து இயங்குகின்றன. ஆத்திரேலியாவின் அடிலெயிட் நகரின் ஓ-பான் தடம் 1986 இல் முதற்கட்டமாகவும் 1989 இல் முழுமையாகவும் திறக்கப்பட்டது. 12 கி.மீ. நீளமுள்ள இத்தடம் மணிக்கு 100 கி.மீ. வேகத்திற்கு வடிவமைக்கப்பட்டது. இதே வழித்தடத்தில் முதலில் டிராம் பாதையே திட்டமிடப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் நகரில் 2011 இல் திறக்கப்பட்ட தடம், 1970 இல் பயணிகள் சேவை நிறுத்தப்பட்ட இருப்புப்பாதை நிலத்தில் அமைந்தது. இது தட மாற்றத்திற்கு எடுத்துக்காட்டாகும். சப்பானின் நகோயா நகரில் 2001 முதல் 6.5 கி.மீ. நீள உயர்த்தப்பட்ட தடத்தில் தடவழிப் பேருந்துகள் ஓடுகின்றன. சட்டப்படி அத்தடம் இருப்புப்பாதை வகையைச் சேர்ந்ததால், ஓட்டுநர்கள் சாலைப் பேருந்துக்கான உரிமத்துடன் தடவண்டிக்கான உரிமத்தையும் பெற்றிருக்க வேண்டும்.

தண்டவாளத்தைப் பேருந்துக்கேற்ப மாற்றுவதற்குப் பதிலாகப் பேருந்தைத் தண்டவாளத்திற்கேற்ப மாற்றும் முறையும் உண்டு. சப்பானின் அசா கடற்கரை இருப்புப்பாதையில் 2021 திசம்பர் 25 முதல், டயர்களுடன் உருக்குச் சக்கரங்களையும் கொண்ட இருவழி ஊர்திகள் பயணிகள் சேவையில் உள்ளன. இவை தண்டவாளத்தை அடைந்ததும் உருக்குச் சக்கரங்களை இறக்கிக்கொள்கின்றன. ஆயினும் அப்பாதையில் வழக்கமான தொடருந்துகள் நிறுத்தப்பட்ட பின்னரே இவை இயக்கப்பட்டன. எனவே இங்கும் உண்மையான பகிர்வு நிகழவில்லை.

நன்மைகள்

- நெருக்கடியான நகர மையத்தில் ஒரே நிலமும் ஒரே சுரங்கமும் இரு சேவைகளுக்குப் பயன்படுகின்றன.
- புறநகர்ப் பயணிகள் வண்டி மாறாமல் மையப்பகுதியை அடையலாம்.
- தொடருந்துப் பாதையைப் படிப்படியாக விரிவாக்கும் காலத்தில் சுரங்கம் பயனின்றிக் கிடப்பதில்லை.
- வழிகாட்டு விளிம்பால் தடத்தின் அகலம் குறைகிறது. பிற சாலை வண்டிகள் தடத்திற்குள் நுழைவதும் தடுக்கப்படுகிறது.

குறைபாடுகள்

- மெதுவாக நிற்கும் வண்டியும் நடைமேடையில் நீண்ட நேரம் நிற்கும் வண்டியும் மற்ற வண்டிகளின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன.
- சமிக்ஞை, மின்வழங்கல், ஓடுதளம் ஆகியவற்றை இரட்டிப்பாக அமைக்க வேண்டியுள்ளது.
- சாலையின் தாமதம் இருப்புப்பாதைக்குள் பரவுகிறது.
- தனிவகைப் பேருந்துகள் குறைந்த எண்ணிக்கையில் உருவாக்கப்படுவதால் விலையும் உதிரிப்பாகச் செலவும் உயர்கின்றன.
- விளிம்பு இருப்பதால், பழுதடைந்த பேருந்தைப் பக்கவாட்டில் அகற்ற இயலாது; பின்வரும் எல்லா வண்டிகளும் நிற்க நேரிடும்.

மதிப்பீடு

மேற்கண்ட நான்கு நகரங்களையும் ஒப்பிடும்போது, தடவழிப் பேருந்துப் பகிர்வு நின்றுபோனதற்குத் தண்டவாளமும் டயரும் ஒரே தடத்தில் அமைந்தது முதன்மைக் காரணமாக இருக்கவில்லை என்பது புலனாகிறது. மன்ஹைமில் தடம் பதின்மூன்று ஆண்டுகள் பயன்பட்டது. உருளை பொருத்தப்பட்ட பேருந்துகளின் ஆயுள் முடிந்தபோது சேவையும் முடிந்தது. எசனில் சுரங்கம் நிலைத்தது. இரட்டை ஆற்றல் பேருந்து நிலைக்கவில்லை. இருப்புப்பாதையும் சுரங்கமும் பல பத்தாண்டுகளுக்கென அமைக்கப்படுகின்றன. பேருந்தின் ஆயுட்காலம் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகளே ஆகும். எனவே ஒரு தலைமுறைப் பேருந்துகளை மட்டும் நம்பி வடிவமைக்கப்பட்ட தடம், அடுத்த தலைமுறைப் பேருந்துகளை வாங்கும் முடிவு எடுக்கப்படும்போதே சோதனைக்கு உள்ளாகிறது.

பிட்ஸ்பர்க்கில் தனிவகை வண்டி தேவைப்படாததால் பகிர்வு நீடிக்கிறது. எந்தப் பேருந்தும் அச்சுரங்கத்தின் வழியே செல்லலாம். அகலத்தைச் சேமிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடங்களில் வழிகாட்டு விளிம்பு இல்லாத பகிர்வே எளியது என இதிலிருந்து கருதலாம். சியாட்டிலில் பகிர்வு பத்தாண்டுகள் நடந்து, தொடருந்துச் சேவை வளர்ந்து வந்த நிலையில் முடிவுக்கு வந்தது. அதனை ஓர் இடைக்கால ஏற்பாடாக நோக்கினால் அது தன் பணியை நிறைவேற்றியது எனலாம். ஆயினும் முதலில் பதிக்கப்பட்ட தண்டவாளங்கள் ஒரு தொடருந்தையும் தாங்காமலேயே அகற்றப்பட்டமை, எதிர்காலப் பயன்பாட்டுக்கென முன்கூட்டி அமைக்கப்படுபவை அந்தப் பயன்பாட்டின் முழுத் தேவைகளையும் நிறைவு செய்ய வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

இவற்றையும் பார்க்க

- தடவழிப் பேருந்து
- அமிழ் தண்டூர்தி
- இலகு தொடருந்து
- பேருந்து விரைவுப் போக்குவரத்து
- தொடருந்துச் சமிக்ஞை
- ஓ-பான் பேருந்துத் தடம்